முட்டியில் எந்த இடம்? குருத்தெலும்பு ஆபரேஷனை முடிவு செய்யும் முன்

எங்கள் ஊர்ப் பக்கம் முட்டிக்குள் எது பழுதானாலும் "ஜவ்வு போயிடுச்சு" என்றுதான் சொல்வார்கள். எலும்புகளைக் கட்டி நிறுத்தும் தசைநார் அறுந்தாலும் ஜவ்வு. நடுவே பிறை வடிவத்தில் மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்தாலும் ஜவ்வு. எலும்பு முனைமேல் வழுவழுப்பாகப் படிந்திருக்கும் குருத்தெலும்பு பெயர்ந்து விழுந்தாலும் ஜவ்வுதான். பேச்சுக்கு இது போதும், ஆபரேஷனை முடிவு செய்யப் போதாது. குருத்தெலும்பு என்று பெயரைப் பிரித்துச் சொன்ன பிறகும், "முட்டியில் எந்த இடத்துக் குருத்தெலும்பு?" என்ற கேள்வி பாக்கி இருக்கிறது.

பிசியோதெரபி பார்க்கும் என்னிடம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டோடு வந்தார்கள். ஒருத்தி 22 வயதுக் கபடி வீராங்கனை. இன்னொருவர் 39 வயது பஸ் கண்டக்டர். இரண்டு ரிப்போர்ட்டிலும் "நான்காம் கிரேடு" என்றே இருந்தது. அதாவது குருத்தெலும்பு முழு ஆழத்துக்கும் போய், அடியில் எலும்பு தெரிகிறது. கண்டக்டர் அண்ணன் கேட்டார்: "ஒரே வியாதிதானே மேடம், அந்தப் பொண்ணுக்குச் செய்யப்போற ஆபரேஷனையே எனக்கும் செய்யச் சொல்லலாமா?"

கூடாது என்பதுதான் என் பதில். ஏன் என்று அன்றைக்கு அவரிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் குருத்தெலும்பின் செல். இதற்குள் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பு கிடையாது. கன அளவில் செல்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. மீதியெல்லாம் அந்தச் செல்கள் தங்களைச் சுற்றிக் கட்டிக்கொண்ட நார்வலையும், அதற்குள் தேங்கி நிற்கும் நீரும்தான். நார் பெரும்பாலும் இரண்டாம் வகைக் கொலாஜன். வலைக்குள் சிக்கியிருக்கும் அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறு நீரை இழுத்துப் பிடித்து வைக்கிறது. நாம் கால் ஊன்றும்போது நீர் மெல்லக் கசிகிறது, காலைத் தூக்கினால் திரும்ப ஊறுகிறது. செல்லுக்குச் சாப்பாடு போய்ச் சேருவதும் இப்படித்தான். நடை நின்றுவிட்டால் அதற்குப் பட்டினி.

மருத்துவக் கல்லூரியில் நோயியல் துறையில் இருந்த நண்பர் ஒருவர் முட்டிக் குருத்தெலும்பின் மெல்லிய சீவல் ஒன்றைச் சஃப்ரானின் சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினார். அக்ரிகன் இருக்கும் இடமெல்லாம் அந்தச் சாயத்தில் சிவந்துவிடும். மேற்பரப்பு வெளிறித்தான் கிடந்தது. அங்கே செல்கள் அவல் போலத் தட்டையாக, பரப்போடு பரப்பாகப் படுத்திருந்தன. மூட்டை வழுக்க வைக்கும் லூப்ரிசின் என்ற புரதத்தைச் சுரப்பவை இவைதான். கொஞ்சம் கீழே போனால் செல்கள் உருண்டையாகி, சிந்திய பயறு போல அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. இன்னும் ஆழத்தில் சிவப்பு நன்றாக ஏறியிருந்தது. அங்கே பெரிய பெரிய செல்கள், காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல எலும்பை நோக்கி நேர்க்குத்தாக நின்றன. சில மில்லிமீட்டருக்குள் மூன்று விதமான செல்கள், மூன்று விதமான வேலை. குருத்தெலும்பு என்றால் ஏதோ ஒரே மாதிரியான பூச்சு என்று நான் வைத்திருந்த எண்ணம் அன்றோடு போயிற்று.

இது மேலிருந்து கீழாக உள்ள வித்தியாசம். பக்கவாட்டில் நகர்ந்தாலும் வித்தியாசம்தான். நடக்கும்போது முட்டியின் எடையில் பாதிக்கு மேல் உட்பக்கத்தில்தான் இறங்குகிறது. தொடை எலும்பின் கீழ்முனையில் உருண்டு நிற்கும் இரண்டு குமிழ்களில் உள்குமிழ் அங்கே இருக்கிறது. அதன் குருத்தெலும்பு சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர் கனம், இறுக்கமானது. முட்டிச்சில்லின் பின்புறக் குருத்தெலும்போ 5 மில்லிமீட்டரையும் தாண்டும். உடம்பிலேயே கனமான குருத்தெலும்பு அதுதான். கனமாக இருப்பதால் கெட்டியாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. எதிரே அது உரசும் தொடை எலும்புப் பள்ளத்தின் குருத்தெலும்போடு ஒப்பிட்டால், சில்லுடையதில் நீர் அதிகம், அக்ரிகன் வகை குறைவு, அழுத்தினால் எளிதில் அமுங்கும். ஒன்றோடொன்று உரசும் இரண்டு பரப்புகளில் ஒன்று கெட்டி, ஒன்று இளக்கம். சில்லின் பின்புறம் சீக்கிரம் நொய்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று பார்க்கப்படுகிறது.

கீழ்க்கால் எலும்பின் மேல்தட்டில் இன்னொரு கதை. அதன் ஓரங்களை மெனிஸ்கஸ் மூடியிருக்கிறது, நடுப்பகுதி திறந்து கிடக்கிறது. மூடிய இடத்தில் குருத்தெலும்பு மெல்லியது, கெட்டி. திறந்த இடத்தில் கனம் அதிகம், மென்மையும் அதிகம். மெனிஸ்கஸைக் கழற்றிவிட்டால், அதுவரை குடைக்குள் இருந்த செல்கள் திடீரென்று முழு எடையையும் தாங்க வேண்டி வருகிறது. அவை அதற்காக வளர்ந்தவை அல்ல. கிழிந்த மெனிஸ்கஸை முழுசாக எடுத்துப் போட்டவர்களுக்குச் சில வருடங்களில் அதே பக்கம் தேய்மானம் வருவது இப்படித்தான்.

வளர்ந்தவை அல்ல என்று சும்மா சொல்லவில்லை. குருத்தெலும்பின் கொலாஜன் வலை சிறுவயதிலும் பதின்பருவத்திலும் கட்டப்படுவது. பெரியவர்களான பிறகு அது அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. எந்த இடத்தில் எவ்வளவு பாரம் விழுந்ததோ அதற்கேற்ப அந்த இடத்துச் செல்கள் ஒருமுறை கட்டி வைத்த வீட்டில்தான் ஆயுள் முழுக்கக் குடியிருக்கின்றன. குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் திரும்பாது என்று 1743-லேயே வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர் எழுதிவிட்டார். 280 வருடத்துக்குப் பிறகும் அந்தக் கூற்று பெரும்பாலும் அப்படியே நிற்கிறது.

சரி, பெயர்ந்த இடத்தை நிரப்ப என்னென்ன வழிகள்? இன்று முக்கியமாக மூன்று. மைக்ரோஃபிராக்சரில், பெயர்ந்த இடத்தின் அடி எலும்பில் சின்னச் சின்னத் துளைகள் போடுவார்கள். மஜ்ஜையிலிருந்து ரத்தமும் ஸ்டெம் செல்களும் வந்து உறைந்து தழும்பு போல ஒரு திசு உண்டாகும். மொசைக்பிளாஸ்டியில், அதே முட்டியில் பாரம் குறைவாக விழும் ஓரத்திலிருந்து எலும்போடு சேர்த்துச் சிறு உருளைகளாக வெட்டி எடுத்து, பழுதான இடத்தில் பதிப்பார்கள், நாற்று பிடுங்கி நடுகிற மாதிரி. மூன்றாவது செல் வளர்ப்பு முறை. ஒரு ஆபரேஷனில் 200, 300 மில்லிகிராம் குருத்தெலும்பை எடுத்து ஆய்வகத்தில் சில வாரம் செல்களைப் பெருக்கி, இன்னொரு ஆபரேஷனில் வைப்பார்கள். முன்பு எலும்புறைச் சவ்வைத் தைத்து அதனடியில் செலுத்தினார்கள். இப்போது கொலாஜன் விரிப்பில் ஏற்றிய செல்களை ஒட்டிவிடும் மேசி முறை வந்திருக்கிறது. இறந்தவர் தானமாகத் தந்த எலும்பையும் குருத்தெலும்பையும் பொருத்தும் வழியும் உண்டு. அடியிலுள்ள எலும்பும் சேர்ந்து போனவர்களுக்கு அது நல்லது. ஆனால் உயிருள்ள திசுவாகக் கிடைப்பது அரிது என்பதால் இங்கே அதற்குள் போகவில்லை.

எல்லோரும் கேட்பது "இதில் எது பெஸ்ட்?" என்றுதான். அந்தக் கேள்வி தப்பு என்று எனக்குப் புரியவைத்தவை பழைய ஆய்வுகளின் எண்கள். ஸ்வீடனின் கோதன்பர்க்கில் மாட்ஸ் பிரிட்பர்க், லார்ஸ் பீட்டர்சன் குழுவினர் செல் வளர்ப்பு முறையை மனிதர்களுக்குச் செய்து 1994-இல் வெளியிட்டார்கள். மொத்தம் 23 பேர். தொடை எலும்புக் குமிழில் செய்துகொண்ட 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன். முட்டிச்சில்லில் செய்துகொண்ட 7 பேரில் 2 பேருக்குத்தான். அதே மருத்துவர்கள், அதே ஆய்வகம், அதே முறை. மாறியது இடம் ஒன்றுதான்.

இதற்குச் செல்லை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சில்லு பள்ளத்தை விட்டு வெளிப்பக்கம் இழுபட்டு ஓடுகிறவர்களுக்கு, எந்த நல்ல செல்லை வைத்தாலும் அது மறுபடி உரசித்தான் போகும். சில்லின் ஓட்டத்தையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும் என்று பின்னாளில் புரிந்துகொண்டார்கள். 2000-இல் பீட்டர்சன் குழு 94 பேரின் நிலையை வெளியிட்டபோது சில்லில் 65 சதவீதம் நல்ல பலன் வந்திருந்தது. தனியாகக் குமிழில் மட்டும் பழுது இருந்தவர்களுக்கு 92 சதவீதம். இடைவெளி குறைந்ததே தவிர மறையவில்லை.

மொசைக்பிளாஸ்டியில் இடத்தின் கொடுமை இன்னும் பட்டவர்த்தனம். லண்டன் அருகே ஸ்டான்மோரில் ஜார்ஜ் பென்ட்லி குழுவினர் 100 பேரைப் பிரித்து, சிலருக்குச் செல் வளர்ப்பும் சிலருக்கு மொசைக்பிளாஸ்டியும் செய்து 2003-இல் ஒப்பிட்டார்கள். செல் வளர்ப்பில் 88 சதவீதம், மொசைக்பிளாஸ்டியில் 69 சதவீதம் பேருக்கு நல்ல பலன். சில்லில் மொசைக்பிளாஸ்டி செய்துகொண்டவர்கள் ஐந்து பேர், ஐந்து பேருக்குமே தோல்வி. மேலே சொன்ன கனக் கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். எடுக்கும் இடத்தில் குருத்தெலும்பு மெல்லிசு, நடும் இடத்தில் 5 மில்லிமீட்டர். மேற்பரப்பைச் சமமாக வைத்தால் அடியில் எலும்பு ஏறி நிற்கும். சுற்றியிருக்கும் இளக்கமான திசுவும், நட்ட கெட்டித் திசுவும் ஒரே பாரத்துக்கு வேறு வேறு அளவில் அமுங்கும். ஓரம் எப்படி ஒட்டும்?

அதே மொசைக்பிளாஸ்டியைக் குமிழில் சின்னப் பழுதுக்குச் செய்தால் கதை தலைகீழ். லிதுவேனியாவின் கவுனஸ் நகரில் இளம் விளையாட்டு வீரர்களை வைத்து ஓர் ஒப்பீடு நடந்தது, 2005-இல் வெளிவந்தது. குமிழில் பழுது, சராசரி வயது 24. மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது மொசைக்பிளாஸ்டி செய்தவர்களில் 96 சதவீதம் பேர் நல்ல நிலையில் இருந்தார்கள். மைக்ரோஃபிராக்சர் செய்தவர்களில் 52 சதவீதம்தான். பழைய அளவுக்கு விளையாடத் திரும்பியவர்கள் கணக்கும் அதையொட்டியே இருந்தது.

மைக்ரோஃபிராக்சரைக் குறைத்துச் சொல்லவில்லை. எளிது, ஒரே ஆபரேஷன், செலவு குறைவு. நார்வேயில் 80 பேரை இரண்டு பாதியாகப் பிரித்து, மைக்ரோஃபிராக்சரையும் செல் வளர்ப்பையும் ஒப்பிட்டு, 15 வருடம் வரை தொடர்ந்து கவனித்தார்கள். எல்லோருக்கும் தொடை எலும்புக் குமிழில்தான் பழுது. பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பழுது 3 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாதவர்களை மட்டும் எடுத்துக்கொண்ட 144 பேர் ஆய்வில், இரண்டு வருடத்தில் மேசி முறைதான் மேலாக இருந்தது. காரணம் திசுவிலேயே இருக்கிறது. மஜ்ஜையிலிருந்து வரும் செல்கள் கட்டுவது தழும்புக்குரிய முதலாம் வகைக் கொலாஜன் கலந்த திசு. சின்ன ஓட்டையைச் சுற்றியுள்ள நல்ல குருத்தெலும்பு தோள் கொடுத்துப் பாரத்தை ஏற்றுக்கொள்ளும், அதனால் தழும்பு தாக்குப்பிடிக்கும். ஓட்டை பெரிதானால் தோள் கொடுக்க ஆளில்லை.

செல் வளர்ப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்னொரு கேள்வியையும் கேட்கலாம், கேட்பவர்கள் குறைவு: செல்லை எங்கிருந்து எடுக்கப் போகிறீர்கள்? வழக்கமாகத் தொடை எலும்பின் இரண்டு குமிழுக்கும் நடுவிலுள்ள பள்ளத்திலிருந்தோ, முன்பக்கப் பள்ளத்தின் மேல் ஓரத்திலிருந்தோ எடுப்பார்கள். பாரம் குறைந்த இடங்கள், எடுத்தாலும் பாதகம் குறைவு. ஆனால் அங்குள்ள செல்கள் பாரம் குறைந்த வாழ்க்கைக்குப் பழகியவை. எடுத்த துணுக்கை நொதியில் கரைக்கும்போது மேலடுக்கு அவலும், நடுப் பயறும், ஆழத்துக் காசடுக்கும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. தட்டையான பரப்பில் பெருக்கும்போது அவை நீண்டு மெலிந்து, குருத்தெலும்புக்குரிய கொலாஜனை விட்டுவிட்டுத் தழும்புக் கொலாஜனைச் சுரக்கத் தொடங்கும். முப்பரிமாணக் கூழுக்குள் வைத்தால் தன் இயல்புக்குத் திரும்பும் என்பது 1980-களிலேயே தெரிந்துவிட்டது. செல்லை விரிப்பில் ஏற்றி வைக்கும் முறைகளுக்கு அந்தப் பாடமும் ஓர் அடிப்படை. இயல்பு திரும்பினாலும் அடுக்கு திரும்புவதில்லை. மேலே இருந்தவை மேலேயும் ஆழத்தில் இருந்தவை ஆழத்திலும் போய் உட்காரும்படி செய்ய இன்னும் வழக்கமான முறை எதுவும் வரவில்லை.

மூக்கிலிருந்து எடுக்கும் வழியைச் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் இவான் மார்ட்டின் குழுவினர் முன்வைத்தார்கள். மூக்கின் நடுத்தண்டிலிருந்து 6 மில்லிமீட்டர் வட்டத் துணுக்கு. முட்டியைத் தொட வேண்டியதே இல்லை. மூக்குச் செல் கருவில் வேறு வழியில் வந்தது. முட்டிச் செல்லில் "நீ இருக்கும் இடம் இது" என்று முகவரி சொல்லும் ஹாக்ஸ் மரபணுக்கள் விழித்திருக்கும், மூக்குச் செல்லில் அவை தூங்கும். ஆடுகளின் மூட்டில் வைத்துப் பார்த்தபோது மூக்குச் செல்கள் மூட்டின் முகவரியை ஏற்றுக்கொண்டன என்று 2014-இல் காட்டினார்கள். 2016-இல் 10 பேருக்குச் செய்த முதல் மனிதச் சோதனையின் விவரம் வந்தது, குமிழிலும் முன்பள்ளத்திலும். எனக்கு இதில் மிகுந்த நம்பிக்கை உண்டு. இடம் செல்லை வடிக்கிறது என்பதற்கு இதைவிட அழகான சாட்சியை நான் படித்ததில்லை. ஆனால் இன்றைக்கு முடிவெடுக்க வேண்டிய ஒருவருக்கு இது இன்னும் சோதனைக் கட்டத்திலுள்ள வழிதான்.

கீழ்க்கால் மேல்தட்டில் பழுது என்றால் மேலே சொன்ன மூன்றுமே சிரமம். கருவி நேராகப் போகாது, மெனிஸ்கஸ் குறுக்கே நிற்கும். அங்கே முதலில் மெனிஸ்கஸைக் காப்பாற்ற முடியுமா, கால் வில் போல வளைந்து எடை உட்பக்கமே விழுகிறதா என்று பார்க்க வேண்டும். வளைவை எலும்பு வெட்டி நிமிர்த்துவதே சிலருக்கு உண்மையான சிகிச்சை.

முட்டி முழுக்கத் தேய்ந்தவர்களுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. மூட்டு மாற்று ஆபரேஷனில் எடுத்த 10 பேரின் குருத்தெலும்பிலிருந்து 1,464 செல்களைத் தனித்தனியாகப் படித்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில், ஏழு வகைச் செல்கள் அடையாளம் காணப்பட்டன. தழும்புத் திசுவுக்குரிய வகையும் அதில் அடக்கம். அங்கே ஓர் ஓட்டையை அடைத்தால் போதாது, அக்கம்பக்கமே மாறிப்போயிருக்கிறது. அப்புறம், ஊசி போட்டால் பெயர்ந்த இடம் நிரம்பிவிடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். வலி கொஞ்ச நாள் குறையலாம், பள்ளம் பள்ளமாகவே இருக்கும்.

இனி அந்த இரண்டு பேர். அந்தப் பெண்ணுக்கு உள்குமிழில் ஒன்றரை சதுர சென்டிமீட்டர். சுற்றிலும் நல்ல குருத்தெலும்பு, வளைவில்லாத கால், கபடிக்குத் திரும்ப வேண்டும். மொசைக்பிளாஸ்டி என்று அவளும் அவள் மருத்துவரும் முடிவு செய்தார்கள், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. கண்டக்டர் அண்ணனுக்குச் சில்லில் மூன்றரை சதுர சென்டிமீட்டர், சில்லு லேசாக வெளிப்பக்கம் ஓடியது. உருளை நடுவது அவருக்கு ஆகாது, துளை போடுவதற்கும் பரப்பு அதிகம். செல் வளர்ப்பும், கூடவே சில்லின் ஓட்டத்தை நேராக்கும் ஆபரேஷனும் செய்தார்கள். இரண்டு முறை படுக்க வேண்டும், வேலைக்கு நீண்ட விடுப்பு, செலவும் கூட. அதையெல்லாம் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லித்தான் அவர் சம்மதித்தார்.

ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னிடம் பயிற்சிக்கு வந்த நாட்களும் உண்டு. அவளுக்கு நான் சொன்னது: "முட்டியை நல்லா மடக்கி நீட்டும்மா, ஆனா காலை ஊனிடாதே." குமிழில் நட்ட இடம் அசைவில் ஊட்டம் பெறும், எடையில் நசுங்கும். அவரிடம் சொன்னது: "நீட்டமா பட்டை கட்டிக்கிட்டு ஊனி நடங்கண்ணே, ஊனின காலை மட்டும் மடக்கிடாதீங்க." நீட்டிய காலில் சில்லு பள்ளத்தை அழுத்துவதில்லை. மடக்கிப் படியேறினால்தான் உடல் எடையைப் போல மூன்று மடங்கு அதன்மேல் விழும். ஊன்றுகோலோடு அவள் கட்டிலில் உட்கார்ந்து காலை மடக்கி நீட்டிக்கொண்டிருப்பாள். அவர் காலை மடக்காமல், பஸ்ஸுக்குள் நடப்பது போல ஹாலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்துகொண்டிருப்பார். "அவளுக்குச் சொன்னதைத்தான் எனக்கும் செய்யச் சொல்லலாமான்னு கேட்டேன்ல மேடம்" என்று ஒருநாள் அவரே நின்று சொன்னார். சொல்லிவிட்டு மறுபடி நடக்க ஆரம்பித்தார்.